ஓவல் டெஸ்ட், நான்காம் நாள் இரவு: திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள்

2025 ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை, ஆடிப்பெருக்கு. வீடு கொள்ளாத உறவுக்கூட்டம். எலுமிச்சைச் சாதமும் தேங்காய்ச் சாதமும் தீர்ந்த கையோடு, பிற்பகல் மூன்றரைக்கு லண்டன் ஓவல் மைதானத்தில் இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையிலான ஐந்தாவது டெஸ்டின் நான்காம் நாள் ஆட்டம் தொடங்கியது. இரவு ஆட்டம் நிறுத்தப்பட்டபோது இங்கிலாந்து 6 விக்கெட் இழப்புக்கு 339. வெற்றிக்கு இன்னும் 35 ரன். யாரும் ஊருக்குக் கிளம்பவில்லை.

கிரிக்கெட்டைப் பற்றிச் சந்தேகம் என்றால் எங்கள் குடும்பத்தில் என்னைத்தான் பிடிப்பார்கள். அன்று இரவும் மறுநாளும், பிறகு வந்த ஒரு வாரமும் அதே கேள்விகளுக்கு அதே பதில்களைச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. இனிக் கேட்பவர்களுக்கு இதை நீட்டிவிடலாம் என்று எழுதி வைக்கிறேன்.

ஐந்து நாள் ஆடியும் யாரும் ஜெயிக்காமல் போகலாம் என்றால் எதற்காக ஆடுகிறார்கள்?

என் அத்தை இதை நாற்பது வருடங்களாகக் கேட்கிறார். ஒருநாள் ஆட்டத்தில் யார் அதிக ரன் எடுத்தார்கள் என்று பார்த்தால் போதும். டெஸ்டில் ரன் அதிகமாக எடுத்தால் மட்டும் வெற்றி கிடைத்துவிடாது. எதிரணியின் இரண்டு இன்னிங்ஸையும் முடித்தாக வேண்டும், அதாவது பெரும்பாலும் இருபது விக்கெட். அதையும் ஐந்து நாளுக்குள் செய்ய வேண்டும். ரன், விக்கெட், நேரம் என்று மூன்று கணக்கு ஒரே சமயத்தில் ஓடுகிறது.

தோற்கும் நிலையில் உள்ள அணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கப் பார்க்கும். அந்தத் தப்பித்தலும் ஒரு ஆட்டம்தான். கீழே மான்செஸ்டர் கேள்விக்கு வரும்போது இது விளங்கும்.

374 என்ற இலக்கு எங்கிருந்து வந்தது?

இந்தியா முதல் இன்னிங்ஸில் 224, இரண்டாவதில் 396. மொத்தம் 620. இங்கிலாந்து முதல் இன்னிங்ஸில் 247. 620-இலிருந்து 247-ஐக் கழித்தால் 373. அதை எட்டினால் சமம், ஒரு ரன் கூடுதலாக எடுத்தால் வெற்றி. ஆகவே 374.

அந்தக் கடைசி ஒரு ரன்னை மறக்காதீர்கள். இந்தப் பக்கத்தின் பாதிக் குழப்பம் அதற்குள்தான் இருக்கிறது.

டிரா, டை இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. நேரம் தீர்ந்துபோய் முடிவு கிடைக்காமல் நின்றால் டிரா. கடைசி இன்னிங்ஸ் முழுவதும் முடிந்து, இரு அணிகளின் மொத்த ரன்னும் சமமாக இருந்தால் டை. 2,500-க்கும் மேற்பட்ட டெஸ்ட் போட்டிகளில் டை ஆனவை இரண்டே. முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில், ஆஸ்திரேலியாவுக்கும் வெஸ்ட் இண்டீசுக்கும் இடையே. இரண்டாவது நம் சேப்பாக்கத்தில், 1986 செப்டம்பர் 22 அன்று. 348 ரன் இலக்கைத் துரத்திய இந்தியா 347-இல் நின்றது. கிரெக் மாத்யூஸ் வீசிய கடைசி ஓவரின் ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்தது) என்று நடுவர் விக்ரம்ராஜு விரலை உயர்த்தினார். மறுமுனையில் ரவி சாஸ்திரி 48 ரன்னுடன் நின்றுகொண்டிருந்தார். பந்து மட்டையில் பட்டது என்று மணிந்தர் பிற்காலத்திலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரன் சமமாக இருந்தும் டிரா ஆனதுண்டு. 2011 நவம்பரில் மும்பையில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக இந்தியாவுக்கு 243 இலக்கு. கடைசிப் பந்தில் இரண்டு ரன் வேண்டும். ஒரு ரன் எடுத்து இரண்டாவதற்கு ஓடிய அஸ்வின் ரன் அவுட். 242-க்கு 9 விக்கெட். ரன் சமம்தான், ஆனால் ஒரு விக்கெட் மீதம் இருந்ததால் இன்னிங்ஸ் முடியவில்லை, நேரம் முடிந்தது. எனவே டிரா. அதே போட்டியில் சதமும் அடித்து ஒன்பது விக்கெட்டும் எடுத்தவர் அவர்தான் என்பது எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

35 ரன்தானே வேண்டும், நான்கு விக்கெட் இருக்கிறது. முடிந்துபோன ஆட்டத்துக்கு ஏன் விழித்திருக்கிறீர்கள், பெரியப்பா?

ஏனென்றால் 1999 ஜனவரி 31 அன்று நான் சேப்பாக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ரன் இலக்கு. முதுகுவலியோடு ஆடிய டெண்டுல்கர் 136 ரன் எடுத்து ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 254. இன்னும் 17 ரன், கையில் மூன்று விக்கெட். அதன்பிறகு வந்தது நான்கே ரன். 258-இல் எல்லாம் முடிந்து 12 ரன்னில் தோற்றோம். கொஞ்ச நேரம் மைதானமே வாயடைத்திருந்தது. பிறகு எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டினோம். அன்று கை வலித்ததும் நினைவிருக்கிறது.

ஓவலிலும் நிலைமை அதுதான். களத்தில் ஊன்றியிருந்த புரூக் 111-இலும் ரூட் 105-இலும் போய்விட்டார்கள். நின்றிருந்த ஜேமி ஸ்மித் 2 ரன், ஓவர்ட்டன் பூஜ்யம். இருவருக்கும் ஆட்டம் அப்போதுதான் ஆரம்பம். புதிதாக வந்தவருக்கு முதல் இருபது பந்து மிகக் கடினம், அதுவும் மேகம் கவிந்த வானத்தின் கீழே. நான்கு விக்கெட் என்பதும் பெயருக்குத்தான். நான்காமவர் கிறிஸ் வோக்ஸ், முதல் நாளிலேயே தோள்மூட்டு விலகி வெளியேறியவர்.

மைதானத்தில் அத்தனை விளக்கு எரிகிறது. வெளிச்சமில்லை என்று நிறுத்துவது எந்த ஊர் நியாயம்?

வெள்ளைப் பந்து விளக்கில் தெரியும். சிவப்புப் பந்துக்கு விளக்கு அவ்வளவாகத் துணை செய்வதில்லை. வானம் இருண்டு செயற்கை வெளிச்சம் மேலோங்கிவிட்டால், வேகமாக வரும் சிவப்புப் பந்து மட்டையாளருக்கு மட்டுமில்லை, அவருக்குப் பின்னால் ஸ்லிப்பில் நிற்பவருக்கும் நடுவருக்கும்கூடச் சரியாகத் தெரியாது. நடுவர்கள் கருவியை வைத்து வெளிச்சத்தை அளக்கிறார்கள். போட்டியில் ஒருமுறை எந்த அளவில் நிறுத்தினார்களோ, அதையே பிறகும் அளவுகோலாகக் கொள்கிறார்கள். முன்பெல்லாம் தொடரலாமா என்று மட்டையாளரைக் கேட்பார்கள். 2010 முதல் முடிவு நடுவர்களுடையது மட்டுமே.

"அரை மணி நேரம் கூட்டிக் கொடுத்திருக்கலாமே" என்பது இதன் தொடர்ச்சி. முடிவு கிடைத்துவிடும் என்று தோன்றினால், ஒரு அணித்தலைவர் கேட்டு நடுவர்கள் ஒப்புக்கொண்டு, நாளின் முடிவில் அரை மணி கூட்டும் விதி உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அன்று வெளிச்சம் குறைந்ததைத் தொடர்ந்து மழையே கொட்டிவிட்டது. மழைக்கு எந்த விதியைக் காட்டுவது?

சிராஜ் கேட்சைப் பிடித்தாரே, அது எப்படி சிக்ஸர் ஆனது?

பிரசித் கிருஷ்ணா வீசிய பந்தைப் புரூக் தூக்கி அடித்தார். சிராஜ் அதைச் சுத்தமாகப் பிடித்தார். பிடித்த கையோடு பின்னால் ஒரு அடி வைத்தபோது கால் எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டது. பந்தைக் கையில் வைத்திருப்பவர் எல்லையைத் தொட்டால், பந்தே எல்லையைத் தொட்டது போலத்தான் கணக்கு. அவுட் இல்லை, ஆறு ரன்.

அப்போது புரூக் 19. கடைசியில் 111. ஆக சிராஜ் 92 ரன்னைத் தூக்கிக் கொடுத்துவிட்டார், சரிதானே?

கழித்தல் சரி, முடிவு தவறு. புரூக் 19-இல் வெளியேறியிருந்தால் அடுத்து வருபவர் பூஜ்யம் எடுத்திருப்பார் என்று நீங்களாக வைத்துக்கொள்கிறீர்கள். அவர் ஐம்பது அடித்திருக்கலாம். ரூட் வேறு விதமாக ஆடியிருக்கலாம். நடக்காத ஆட்டத்துக்கு ஸ்கோர் போட முடியாது.

ஆனாலும் அந்தப் பிழை பெரிய பிழைதான், இல்லை என்று நான் வாதாட மாட்டேன். அந்த இரவு சிராஜை வசை பாடியவர்களில் எங்கள் வீட்டு ஆட்கள் மூன்று பேர் உண்டு. மறுநாள் மாலை நாலரை மணிக்கு அவர்கள் பேசிய பேச்சே வேறு.

நைட்வாட்ச்மேன் என்றால் என்ன?

நாள் முடியும் தறுவாயில் விக்கெட் விழுந்தால், நல்ல மட்டையாளரை அந்த நேரத்தில் பணயம் வைக்காமல் கீழ்வரிசை ஆள் ஒருவரை அனுப்பி ஒப்பேற்றுவது. இரண்டாம் நாள் கடைசியில் நம் சாய் சுதர்சன் அவுட் ஆனதும் ஆகாஷ் தீப் அப்படித்தான் வந்தார். மறுநாள் அவர் 66 ரன் எடுத்து, ஜெய்ஸ்வாலோடு 107 ரன் சேர்த்துவிட்டுப் போனார். ஆறு ரன்னில் தீர்ந்த ஆட்டத்தில் காவலுக்கு வந்தவர் எடுத்த 66.

தோள் விலகியவரை ஏன் ஆடவிட வேண்டும்? அவருக்குப் பதில் வேறொருவரை இறக்கக் கூடாதா?

கூடாது. மாற்று ஆள் ஃபீல்டிங் செய்யலாம், விக்கெட் கீப்பராகக்கூட நிற்கலாம். பந்து வீசவோ மட்டை பிடிக்கவோ முடியாது. தலையில் அடிபட்டு அதிர்ச்சி ஏற்பட்டால் மட்டும், 2019 முதல், அதே வகை ஆட்டக்காரர் ஒருவரை முழு மாற்றாக இறக்க அனுமதி உண்டு. அடிபட்டவருக்காக ஓடுவதற்கு ரன்னர் வைக்கும் வழக்கத்தையும் சர்வதேச ஆட்டங்களில் 2011-இல் எடுத்துவிட்டார்கள்.

முந்தைய மான்செஸ்டர் டெஸ்டில் நம் ரிஷப் பண்ட், காலில் எலும்பு முறிந்து, நொண்டிக்கொண்டே வந்து ஆடினார். அது முடிந்ததும் இந்திய அணியின் பயிற்சியாளர் கம்பீர், இத்தகைய காயங்களுக்கு மாற்று ஆள் வேண்டும் என்றார். இங்கிலாந்து அணித்தலைவர் ஸ்டோக்ஸ் அதை அபத்தம் என்று தள்ளினார். அடுத்த வாரமே இங்கிலாந்துக்கு வோக்ஸ் நிலைமை. இதில் நான் யார் பக்கமும் இல்லை. வெளிப்படையாகத் தெரியும் எலும்பு முறிவுக்கு அனுமதி கொடுத்தால், அடுத்து தசைப்பிடிப்புக்கும் கேட்பார்களே என்ற பயம் மட்டும் உண்டு.

தோள் விலகியும் வோக்ஸ் கடைசி நாளில் மட்டையோடு இறங்கியது முதல் முறை நடப்பதும் இல்லை. 1963 லார்ட்ஸ் டெஸ்டில் கை எலும்பு முறிந்த கவுட்ரி, இரண்டு பந்து மீதம் இருக்கும்போது கடைசி ஆளாக இறங்கினார். மறுமுனையில் இருந்தவர் அந்த இரண்டையும் தடுத்து டிரா செய்துவிட்டார். 1984-இல் ஹெடிங்லியில் மால்கம் மார்ஷல் ஒற்றைக் கையால் ஆடிவிட்டு, கட்டுப்போட்ட கையோடு பந்து வீசி ஏழு விக்கெட்டும் எடுத்தார். தாடையில் கட்டோடு வந்து லாராவை வீழ்த்திய கும்ப்ளேவை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

வோக்ஸ் வராமலே இருந்திருந்தால்?

ஒன்பதாவது விக்கெட் விழுந்த நொடியில் ஆட்டம் முடிந்திருக்கும். வர முடியாதவரை ஸ்கோர் அட்டையில் அப்படியே குறித்துவிட்டு இன்னிங்ஸை மூடிவிடுவார்கள். 357-இல் முடிந்து, இந்தியா 16 ரன்னில் வென்றிருக்கும்.

அவர் வந்தார். இடது கையைத் தூளியில் கட்டி ஸ்வெட்டருக்குள் மறைத்துக்கொண்டு படியிறங்கினார். ஒரு பந்தைக்கூடச் சந்திக்கவில்லை. மறுமுனையில் ஆடிய அட்கின்சன், ஓவரின் கடைசிப் பந்தில் ஓட்டம் எடுத்து, அடுத்த ஓவரையும் மீண்டும் மீண்டும் தானே எதிர்கொண்டார். ஒவ்வொரு ஓட்டத்திலும் வோக்ஸ் முகம் சுளித்ததைப் பார்த்த என் அத்தை, இந்தியா ஜெயிக்க வேண்டும் என்று விளக்கேற்றியவர், "அந்தப் பிள்ளையை ஓடவைக்காதீர்கள்" என்று தொலைக்காட்சியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

80 ஓவர் முடிந்தால் புதிய பந்து கிடைக்குமே, நம் அணித்தலைவர் கில் ஏன் எடுக்கவில்லை?

நான்காம் நாள் முடிவில் 76 ஓவரும் இரண்டு பந்தும். காலையில் 22 பந்து வீசினால் புதிய பந்து. மறுநாள் ஒன்பது மணியிலிருந்து எங்கள் தெருவில் விவாதம் இதைச் சுற்றித்தான். புதிய பந்து வந்ததும் கதை முடியும் என்று அநேகமாக எல்லோரும் சொன்னார்கள். நானும் சொன்னேன். என் கணிப்பும் பொய்த்தது.

புதிய பந்தை எடுப்பது ஃபீல்டிங் அணித்தலைவரின் உரிமை, கடமை இல்லை. பழைய பந்து நன்றாக வளைந்துகொண்டிருந்தால் அதை எதற்கு மாற்ற வேண்டும்? புதிய பந்து கடினமாக இருக்கும், மட்டையின் விளிம்பில் பட்டாலே பவுண்டரிக்கு ஓடும். 35 ரன்னைக் காக்க வேண்டிய நேரத்தில் விளிம்பில் பட்டுப்போகும் இரண்டு பவுண்டரி என்பது கால்வாசி இலக்கு. அன்று மேகமூட்டத்தில் டியூக்ஸ் நிறுவனத்தின் அந்தப் பழைய பந்து சிராஜ் கையில் வளைந்தது. முதல் ஓவரில் ஓவர்ட்டன் பிரசித்தை இரண்டு பவுண்டரி அடித்தபோது என் தங்கை மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். பிறகு சிராஜ் பந்தில் ஸ்மித்தின் மட்டை விளிம்பில் பட்டு விக்கெட் கீப்பர் ஜுரெல் கையில் போனது. பந்தை மாற்றும் பேச்சு அத்தோடு அடங்கியது.

கம்ப்யூட்டர் பந்து ஸ்டம்பில் படுகிறது என்று காட்டுகிறது. பிறகு அம்பயர்ஸ் கால் என்று ஏன் அவுட் கொடுப்பதில்லை?

கம்ப்யூட்டர் காட்டுவது நடந்ததை இல்லை. காலில் பட்டு நின்றுபோன பந்து, படாமல் இருந்தால் எங்கே போயிருக்கும் என்ற ஊகத்தைக் காட்டுகிறது. நல்ல ஊகம்தான், ஆனால் சிறிய பிழைக்கு அதில் இடமுண்டு. ஆகவே பந்தின் பாதிக்குக் குறைவான பகுதியே ஸ்டம்பில் உரசும் என்று காட்டினால், களநடுவர் முதலில் சொன்னது எதுவோ அதுவே நிற்கும். அவுட் என்றிருந்தால் அவுட், இல்லை என்றிருந்தால் இல்லை. மேல்முறையீடு செய்த அணிக்கு அந்த வாய்ப்பு பறிபோகாது.

ஒரே பந்துக்கு இரண்டு தீர்ப்பு வரலாம் என்பது சிலருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, நடுவருக்கு அவ்வளவாவது மரியாதை மிஞ்சட்டும். ஐந்தாம் நாள் ஓவர்ட்டன் காலில் சிராஜ் பந்து பட்டபோது நடுவர் தர்மசேன வெகுநேரம் யோசித்து விரலை உயர்த்தினார். ஓவர்ட்டன் மேல்முறையீடு செய்தும் தப்பவில்லை. அந்த யோசனைக்குள் எங்கள் வீட்டில் இரண்டு பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஒரு இன்னிங்ஸில் ஒரு அணிக்கு மூன்று முறை மேல்முறையீட்டில் தோற்க அனுமதி. அதைக் கண்டபடி செலவழித்தால் என்ன ஆகும் என்பதற்கு 2019 ஹெடிங்லி சாட்சி. இங்கிலாந்தின் வெற்றிக்கு இரண்டு ரன் இருக்கும்போது ஆஸ்திரேலியாவின் லயன் பந்தில் ஸ்டோக்ஸ் காலில் வாங்கினார். நடுவர் அவுட் கொடுக்கவில்லை. மறுஒளிபரப்பில் பந்து ஸ்டம்பில் படுவதாகவே தெரிந்தது. ஆனால் ஆஸ்திரேலியாவிடம் மேல்முறையீடு ஒன்றுகூட மீதமில்லை. சற்று முன்புதான் மறுமுனையில் இருந்த லீச்சுக்கு எதிராக வீணடித்திருந்தார்கள். இங்கிலாந்து ஒரு விக்கெட்டில் வென்றது.

புரூக் அப்படி இறங்கி அடிக்காமல் நிதானமாக ஆடியிருந்தால் இங்கிலாந்து ஜெயித்திருக்குமா?

இதில்தான் சண்டை அதிகம். மூன்று விக்கெட்டுக்கு 301, தேவை 73. ஆகாஷ் தீப்பை இறங்கி அடிக்கப் போய் மட்டை கைநழுவிப் பறந்தது, பந்து மேலே எழும்பி சிராஜ் கையில் வந்து விழுந்தது. அங்கிருந்து இங்கிலாந்து 66 ரன்னுக்கு ஏழு விக்கெட்டைப் பறிகொடுத்தது.

ஆனால் 106-க்கு 3 என்றிருந்த அணியை அங்கே கொண்டுவந்தது எது? அதே இறங்கி அடிக்கும் ஆட்டம்தான். அவரும் ரூட்டும் சேர்ந்து 195 ரன் எடுத்தார்கள். தூக்கி அடித்துச் சதம் வரும்போது துணிச்சல் என்றும், அதே அடியில் அவுட் ஆகும்போது பொறுப்பின்மை என்றும் பேசுவது எனக்கு ஒப்பவில்லை. வானம் வேறு கறுத்துக்கொண்டிருந்தது, அன்றே முடித்துவிட நினைத்ததில் தவறில்லை. எனக்குக் குறை சொல்லத் தோன்றுவது அடுத்து வந்த பெத்தலைத்தான். முப்பது பந்து சந்தித்தவர், ஒன்றையும் இரண்டையுமாகச் சேர்த்து ரூட்டுக்கு ஆடக் கொடுத்திருக்கலாம். ஐந்தே ரன்னில் பிரசித்திடம் ஸ்டம்பைப் பறிகொடுத்தார். மாடிவீட்டுக்காரர் இதை ஏற்கவில்லை. அவருக்கு இன்றைக்கும் புரூக்தான் குற்றவாளி.

மான்செஸ்டரில் ஆட்டத்தை முடித்துக்கொள்ளலாம் என்று ஸ்டோக்ஸ் கைகொடுக்க வந்தபோது ஜடேஜாவும் வாஷிங்டன் சுந்தரும் ஏன் மறுத்தார்கள்? டிரா என்று தெரிந்த பிறகு ஆடுவது முறையா?

கடைசி நாளின் கடைசி ஒரு மணி நேரத்தில் குறைந்தது 15 ஓவர். இனி முடிவு கிடைக்காது என்று இரண்டு தலைவர்களும் ஒப்புக்கொண்டால் அப்போது ஆட்டத்தை முடிக்கலாம். ஒருவர் மட்டும் விரும்பினால் முடியாது. ஸ்டோக்ஸ் கேட்டபோது ஜடேஜா 89, சுந்தர் 80.

முதல் இன்னிங்ஸில் 311 ரன் பின்தங்கி, இரண்டாவது இன்னிங்ஸின் முதல் ஓவரிலேயே பூஜ்யத்துக்கு இரண்டு விக்கெட் இழந்த அணி அது. முதல் பதிலில் சொன்னேனே, நேரத்தைப் பிடித்துத் தப்பிப்பது என்று, அதை ஒன்றரை நாளுக்கு மேல் செய்து காட்டினார்கள். அவ்வளவு வெயிலில் நின்றவர்களிடம் பத்து இருபது ரன்னில் சதம் இருக்கும்போது எழுந்து வா என்றால் யார் வருவார்கள்? சுந்தருக்கு அது முதல் டெஸ்ட் சதம். அதன்பிறகு புரூக் தூக்கிப்போட்ட பந்துகள் பார்க்க நன்றாக இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்குக் காரணம் வீசியவர்கள்.

பும்ரா ஆடாத டெஸ்டில்தான் ஜெயிக்கிறோம். அவர் ராசியில்லாதவரா?

இந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு அன்று காபி கொடுக்கவில்லை. இந்தத் தொடரில் பர்மிங்காமிலும் ஓவலிலும் வென்றோம், இரண்டிலும் பும்ரா இல்லை. உண்மைதான். உடல்நிலையைக் கருதி ஐந்தில் மூன்று டெஸ்ட்தான் ஆடுவார் என்று தொடருக்கு முன்பே முடிவு செய்திருந்தார்கள். லார்ட்ஸில் அவர் ஆடியும் 22 ரன்னில் தோற்றோம், அதற்கு அவர் வீசிய பந்துகளா காரணம்?

சிராஜ் ஐந்து டெஸ்டிலும் ஆடி 185.3 ஓவர் வீசி 23 விக்கெட் எடுத்தார். இதைக் கேட்டபின் ராசி என்ற சொல்லை எடுப்பவர் எங்கள் வீட்டுக்கு வரவேண்டாம்.

கடைசியில் 7 ரன் வேண்டியிருந்தது. இந்தியா 6 ரன்னில் வெற்றி என்கிறார்கள். ஒரு ரன் எங்கே போனது?

இரண்டாவது பதிலில் மறக்காதீர்கள் என்றேனே, அந்த ஒரு ரன். இங்கிலாந்து எடுத்தது 367. இந்தியாவின் மொத்தத்தைச் சமன் செய்ய 373 தேவை. வித்தியாசம் ஆறு. வெல்வதற்குத்தான் ஏழு.

இதற்கு முன் ரன் கணக்கில் இந்தியாவின் மிகச் சிறிய வெற்றி 2004-இல் மும்பையில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 13 ரன்.

அட்கின்சன் ஒரு சிக்ஸர் அடித்து, அடுத்த பந்தில் அவுட் ஆகியிருந்தால்?

367-உடன் ஆறு சேர்ந்து 373, பத்தாவது விக்கெட். இன்னிங்ஸ் முடிந்தது, ரன் சமம். டை என்ற கேள்வியில் சொன்ன இரண்டோடு மூன்றாவதாக இது சேர்ந்திருக்கும். கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் கேட்ட கேள்வி, அன்று கேட்டவற்றிலேயே எனக்குப் பிடித்தது. அடுத்து அவளே இன்னொன்றும் கேட்டாள்: 373-இல் மழை வந்து ஆட்டம் நின்றுபோயிருந்தால்? அப்போது விக்கெட் மீதம், நேரம் காலி. மும்பை 2011 போல டிரா.

தொடர் 2-2. யாரும் ஜெயிக்கவில்லை. எதற்கு அவ்வளவு கொண்டாட்டம்?

ஐந்து டெஸ்டும் ஐந்தாம் நாள் வரை போயின. ஓவலில் தோற்றிருந்தால் 3-1. உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் கணக்கில் வெற்றிக்கு 12 புள்ளி, டைக்கு 6, டிராவுக்கு 4. அது அட்டவணை பார்ப்பவர்களுக்கான பதில்.

திங்கட்கிழமை மூன்றரைக்கு ஆரம்பித்தது, ஒன்பது ஓவர்கூட முழுதாக வீசப்படவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்து அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. சிராஜ் காலடிக்கு வீசிய யார்க்கர் அட்கின்சனின் ஆஃப் ஸ்டம்பைச் சாய்த்தது. அத்தை என்னைப் பார்த்து, "இப்போது நாம் ஜெயித்தோமா, அல்லது இதுவும் டிராவா?" என்றார்.